இல்லாத கட்டுரைகள்

எம்.ஏ. கடைசி வருடத்தில் ஆய்வுக் கட்டுரைக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ளலாம் என்று வகுப்பில் சொன்னபோது, நான் என் தோழி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. வகுப்பு முடிவதற்குள் என் பெயரையும் தன் பெயரையும் ஒன்றாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் கண்டமங்கலம் பக்கம். அப்பாவுக்குப் பாண்டிச்சேரியில் கட்டட வேலை, அம்மாவுக்குக் கிடைத்த கழனியில் கூலி வேலை. தமிழ் மீடியத்தில் படித்து எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அவள் திண்டிவனம். சொந்த நிலம், அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம், எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். விழுப்புரத்தில் இருந்த கல்லூரிக்கு இரண்டு பேரும் வெவ்வேறு திசையிலிருந்து பஸ்ஸில் வருவோம். முதலில் வந்து சேருபவள் பஸ் ஸ்டாண்டில் பூக்கடைப் பக்கம் நிற்க வேண்டும். மற்றவள் வந்த பிறகு சேர்ந்துதான் கல்லூரிக்கு நடப்போம். மழை பெய்தாலும் அப்படித்தான்.

எனக்கு இங்கிலீஷ் என்றால் பயம். பாடப் புத்தகத்தை அவள் ஒரு பத்தி படித்துத் தமிழில் சொல்வாள், நான் அதைத் தமிழிலேயே எழுதிக்கொள்வேன். பதிலுக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு வீட்டில் ஏதாவது மனக்கஷ்டம் என்றால் என்னிடம்தான் அழுவாள். அந்த இரண்டு வருடங்களில் என்னிடம் சொல்லாமல் அவள் செய்த காரியம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருவதில்லை என்ற தலைப்பை எடுத்தது நான். என்னோடு படித்த பெண்களில் பாதிப் பேர் பத்தாவதைத் தாண்டவில்லை. அவர்களுக்குப் படிப்பில் ஆசை இல்லை என்று எங்கள் பள்ளியில் சொன்னார்கள். அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை எப்படி எழுதுவது என்று தெரியாது.

எங்கள் கைடு மேடத்திடம் தலைப்பைச் சொன்னபோது அவர் தலையாட்டினார். "நல்ல தலைப்புதான். ஆனா நீங்களா நெனச்சதை எல்லாம் எழுதக் கூடாது. உங்களுக்கு முன்னாடி இதைப் பத்தி யாரு என்ன எழுதியிருக்காங்கன்னு தேடுங்க. சோர்ஸ் இல்லாம ஒரு வரி எழுதினாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

அன்று மத்தியானமே நாங்கள் நூலகத்துக்குப் போனோம். கல்வி என்று போட்டிருந்த அலமாரியில் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்கள்தான் நிறைய இருந்தன. ஆய்விதழ்களை வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார்கள். சிலவற்றின் கட்டை யாருமே அவிழ்த்ததில்லை, கயிறு தாளிலேயே பதிந்துபோயிருந்தது. ஒன்றைப் பிரித்து நான் முதல் பக்கத்தைப் படிக்க முயன்றேன். ஒரு வாக்கியம் ஆரம்பித்து ஆறு வரி தள்ளித்தான் முடிந்தது. முடிந்தபோது எனக்கு ஆரம்பம் மறந்துவிட்டது. அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ இதுல மண்டைய ஒடைச்சிக்காத டி. படிக்கிறதை எங்கிட்ட வுட்டுடு. ஊருக்குப் போய் ஆளுங்ககிட்ட பேசுறது, எழுதுறது உன் வேலை. சோர்ஸ் எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. வேலை பிரிந்தது அப்படித்தான்.

ஊர்களைத் தேர்ந்தெடுத்தபோது திண்டிவனம் பக்கமே போகலாம் என்றாள். அவள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், ஸ்கூட்டியும் இருக்கிறது. நான் சனிக்கிழமைகளில் துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவள் அம்மா எனக்காகக் கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும் செய்து வைப்பார். "எம்பொண்ணு உன்னோட சேந்த பிறகுதான்மா கொஞ்சம் பொறுப்பா இருக்கா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த வீட்டில் நான் வேற்றாளாக இருந்ததே இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருமுக்கல் வழியாக அதைத் தாண்டி உள்ளே போவோம். மலை மேலே கோயில் தெரியும் வரை ரோடு நன்றாக இருக்கும். அதற்கு அப்புறம் மண் ரோடு. நாங்கள் போன அந்தச் சின்ன ஊரின் பெயரை இப்போதும் எழுத மாட்டேன். ஏன் என்று கொஞ்சம் போனால் புரியும்.

ஊருக்குள் போனதும் அவள் வண்டியைப் புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வாள். "நீ போய்ப் பேசு. உங்கிட்டன்னா மனசு வுட்டுப் பேசுவாங்க. நான் வந்தா வெறைச்சிக்குவாங்க. அதுக்குள்ள நான் ஃபோன்ல ரெஃபரென்ஸ் தேடிக்கினு இருக்கேன்" என்பாள். நான் ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்பி வரும்போது அவள் குனிந்த தலை நிமிராமல் ஃபோனில் தட்டிக்கொண்டிருப்பாள். எவ்வளவு படிக்கிறாள் என்று எனக்கு மலைப்பாக இருக்கும்.

அந்த ஊரில் ஒரு அம்மாவை நான் பார்த்தது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். கூலிக்கு மல்லாட்டை உரித்து, வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒன்பதாவது படிக்கும் மகள். படிக்கும் என்று சொல்லக் கூடாது, பள்ளிக்குப் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். அந்த அம்மா பிடி கொடுக்காமல் பதில் சொன்னார். எழுதுவதை நிறுத்திவிட்டு, நானும் உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். எங்கள் அம்மாவோடு எத்தனையோ மாலைகள் செய்த வேலைதான். அப்புறம்தான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எந்த ஊருமா?"

சொன்னேன். அப்பா அம்மா என்ன வேலை என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"படிக்கணும்னு இதுக்கு ஆசைதான்" என்று மகளைக் காட்டினார். "பஸ்ஸு நிக்கிறதில்ல. ஸ்கூல் புள்ளைங்க கும்பலா நிக்கிறதைப் பாத்தா, எல்லாம் ஃப்ரீ பாஸுதானேன்னு நிறுத்தாம ஓட்டிக்கினு போயிட்றான். நடந்து போனா பிரேயர் முடிஞ்சிடுது. லேட்டா வந்தவங்கள கேட்டுக்கு வெளியவே நிக்க வெப்பாங்களாம். பையனுங்க பரவால்ல, எங்கனா வெளாடிட்டு வந்துட்றானுங்க. வயசுப் பொண்ணு ரோட்டு மேல நின்னா போறவன் வர்றவன் எல்லாம் ஒரு மாதிரி பாக்குறான். ஒரு நாளு ஒருத்தன் வண்டிய நிறுத்தி இன்னாவோ கேட்டிருக்கான். இது அழுதுக்கினே வூட்டுக்கு வந்துச்சி. அதோட நிறுத்திட்டேன்."

மகள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "லீவு போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா. மறுநாள் லீவு லெட்டர் கொடுத்தா போதும். லேட்டா போனாதான் தப்பு."

இவ்வளவு நாள் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வராமல் இருப்பதைவிட தாமதமாக வருவதற்குத் தண்டனை அதிகம். அதனால் பிள்ளைகள் வராமலே இருந்துவிடுகிறார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பேரு, பொண்ணு பேரு, ஊரு பேரு எதையும் எழுதிடாதம்மா. வர்ற வருஷமாச்சும் சேத்து வுடலாம்னு இருக்கேன். நாங்க ஸ்கூல குத்தம் சொன்னோம்னு தெரிஞ்சா சேத்துக்க மாட்டாங்க." எழுத மாட்டேன் என்று சொன்னேன். சத்தியமா என்று கேட்டார். சத்தியம் செய்தேன்.

வண்டியில் திரும்பும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம். "சூப்பர் டி. இதுக்கேத்த மாதிரி நெறைய ஆர்ட்டிகிள் கெடைச்சிருக்கு. ஃபாரின்லகூட இதையேதான் சொல்லியிருக்காங்க" என்றாள். காற்றுச் சத்தத்தில் கத்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எங்கேயோ வெளிநாட்டில் யாரோ ஒருவர், பெருமுக்கல் பக்கத்து மல்லாட்டைக் குவியலுக்கு முன்னால் நான் கேட்டதையே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். நினைக்கவே பெருமையாக இருந்தது.

நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை அவள் தன் லேப்டாப்பில் இங்கிலீஷாக மாற்றி, இடையிடையே அந்த ஆய்வாளர்களின் பெயர்களையும் கருத்துகளையும் சேர்த்தாள். கடைசியில் மேற்கோள் பட்டியல் மட்டும் பல பக்கம் வந்தது. பிரிண்ட் எடுத்து வந்தபோது, அந்தக் கட்டுரைகளில் ஒன்றிரண்டையாவது பார்க்கிறேன், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்டால் சொல்ல வேண்டுமே என்றேன்.

"உனக்கு அதெல்லாம் புரியாது டி. நான்தான் படிச்சிட்டேன் இல்ல? எதனா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், நீ இன்டர்வியூ பத்தி மட்டும் பேசு."

புரியாது என்று அவள் சொன்னது சுருக்கென்றது. ஆனால் உண்மைதானே என்று விட்டுவிட்டேன். கைடு மேடம் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, நல்லா உழைச்சிருக்கீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். வயதானவர், குரலை உயர்த்தாமல் பேசுபவர். எங்கள் கட்டுரையை நிஜமாகவே படித்துவிட்டு வந்திருந்தார். முதலில் நேர்காணல் பகுதியைப் பற்றி என்னிடம் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் போய்விட்டது.

அப்புறம் கடைசிப் பக்கங்களுக்குத் திருப்பினார்.

"இதுல ஒரு பேரு போட்டிருக்கீங்க. கிராமப்புறப் பள்ளி வருகையைப் பத்தி இவர் எழுதின கட்டுரைன்னு. இவரு எனக்கு சீனியர். வாழ்நாள் பூரா ஏரியையும் பாசனத்தையும் பத்தி எழுதினவரு. பள்ளிக்கூடத்தைப் பத்தி ஒரு வரி எழுதினதில்ல. உங்களுக்கு இது எங்க கெடைச்சுது?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏதாவது தெரியாம போயிருக்கலாம்னு நேத்து தேடிப் பாத்தேன்" என்று அவரே தொடர்ந்தார். "அப்படி ஒண்ணு இல்ல. அடுத்ததைத் தேடினேன், அதுவும் இல்ல. பத்திரிகை இருக்கு, நீங்க சொல்ற பக்கத்துல வேற கட்டுரை இருக்கு. சில பத்திரிகையே இல்ல. இதையெல்லாம் நீங்க படிச்சீங்களா?"

அந்தக் கேள்வியை அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அதுவரை பேசிக்கொண்டிருந்தவள் நான்தானே.

"இல்ல சார்" என்றேன்.

"படிக்கலையா?"

"நான் படிக்கல சார்." அவள் படித்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேச ஆரம்பித்தாள். அழகான இங்கிலீஷில், நிதானமாக. எனக்கு முழுவதும் புரியும்படி மெதுவாகத்தான் பேசினாள். தான் செய்தது மொழிபெயர்ப்பும் டைப்பிங்கும் மட்டும்தான் என்றாள். ஆதாரங்களைச் சேகரித்தது இவள் என்று என் பக்கம் கையைக் காட்டினாள். நம்பித்தான் சேர்த்தேன், சரிபார்க்காதது என் தவறு, மன்னித்துவிடுங்கள் என்று முடித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். இங்கிலீஷில் வார்த்தை வரவில்லை. தமிழிலும் வரவில்லை. அவள் பொய் சொன்னது ஒரு பக்கம். அவள் சொன்னதில் இரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த அவள் எங்கேயும் இல்லை என்பதுதான் என்னைப் பேசவிடாமல் செய்தது.

பேராசிரியர் கைடு மேடத்தைப் பார்த்தார். மேடம், "நான் ரெண்டு பேரையும் அப்பவே கேட்டேன் சார், எல்லாம் ஒரிஜினல்னுதான் சொன்னாங்க" என்றார். எங்களிடம் அவர் எதையும் கேட்டிருக்கவில்லை.

அதற்கு அப்புறம் பேராசிரியர் கேட்டதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நேர்காணல் பக்கத்தைத் திரும்ப எடுத்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை என்பதை விரலால் தொட்டுக் காட்டினார். கோபமில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். "இந்த அம்மாவும் இப்படித்தானா? இவங்களாவது இருக்காங்களா?"

"இருக்காங்க சார்" என்றேன். அழுதுவிட்டேன். அந்த அழுகையை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் கைடு மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் நம்பவில்லை. "அவளுக்கு நல்லா இங்கிலீஷ் வரும். அவளால படிக்க முடியும்மா, அவ எதுக்கு இப்படி ஃபோன்ல கேட்டு எழுதப்போறா? படிக்க முடியாதவங்கதான் இந்த மாதிரி குறுக்கு வழிக்குப் போவாங்க" என்றார். அப்போதுதான் விஷயமே எனக்குப் புரிந்தது. கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் அந்தச் செயலி எங்கள் வகுப்பில் எல்லாருடைய ஃபோனிலும் இருந்தது. புளிய மரத்தடியில் அவள் தட்டிக்கொண்டிருந்தது அதில்தான். இப்படி இப்படி ஒரு விஷயம், இதற்கு ஆதாரம் கொடு என்று கேட்டிருக்கிறாள். அது பெயர்களையும் தலைப்புகளையும் தானாக உண்டாக்கி அடுக்கிக் கொடுத்திருக்கிறது. நான் சொல்லச் சொல்ல, அதற்கேற்ற வெளிநாட்டுக் கட்டுரைகள் அவளுக்கு உடனுக்குடன் எப்படிக் கிடைத்தன என்பதும் புரிந்தது.

இரண்டு பேருக்கும் அவகாசம் கொடுத்தார்கள். தனித்தனியாக, உண்மையான ஆதாரங்களோடு எழுத வேண்டும். எனக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. நேர்காணல் கொடுத்தவர்களின் பெயர், ஃபோன் நம்பர், கையெழுத்து வாங்கி வர வேண்டும். இல்லையென்றால் அந்தப் பகுதியை நீக்கிவிட வேண்டும்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பூக்கடைப் பக்கம் நான் நிற்கவில்லை. தூரத்தில் வரும்போதே பார்த்தேன், அவளும் அங்கே இல்லை.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணா? நம்ம வூட்ல வந்து மீன் கொழம்பு தின்னுட்டுப் போச்சே, அந்தப் பொண்ணா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அப்புறம், "வேற யாராச்சும் இருக்கும், நல்லா விசாரி" என்றார். என்னைவிட அம்மாவுக்குத்தான் நம்ப முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் பெருமுக்கல் போனேன். திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்து, மண் ரோட்டில் நடந்தேன். நடக்கும்போதுதான் அந்தப் பெண் தினமும் நடந்த தூரம் எவ்வளவு என்று காலுக்குத் தெரிந்தது. ஸ்கூட்டியில் போனபோது தெரியவில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக உட்காரச் சொன்னார். நான் வந்த காரியத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"பேர் எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணியேம்மா."

"பண்ணேம்மா. நான் எழுதல. ஆனா நீங்க நெஜமா இருக்கீங்களான்னு கேக்குறாங்க. நானா கத கட்டி எழுதிட்டேன்னு நெனைக்கிறாங்க."

"அதுக்கு எங்கிட்ட கையெழுத்து கேட்டுக்கினு வருவியா? உன்னை நம்பித்தான சொன்னேன். நம்ம மாதிரி வூட்டுப் பொண்ணுன்னு நெனச்சித்தான சொன்னேன்."

அவர் கத்தவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். கூட எழுதியவளிடம் நான் கேட்க நினைத்து கேட்க முடியாமல் போன கேள்வியை அவர் என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். எனக்குக் கிளம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

மகள்தான் பின்னாலேயே வந்தாள். "அக்கா, பேரு சொல்லாம நான் அந்த மேடம்கிட்ட பேசட்டுமா? பேசினா நம்புவாங்களா?"

உள்ளே இருந்து அம்மா, "ஒண்ணும் வேணாம், வா இங்க" என்றார். மகள் அசையவில்லை. "பேரு சொல்ல மாட்டேம்மா. என்ன நடந்துச்சின்னு மட்டுந்தான் சொல்லப்போறேன்" என்றாள்.

நான் கைடு மேடத்துக்கு ஃபோன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டாள். பள்ளி கேட்டைப் பற்றிச் சொன்னாள். வெயிலில் நிற்கும்போது சுவரோரம் ஒட்டிக்கொண்டு, புத்தகப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வாளாம். அதை அவள் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வண்டியை நிறுத்தியவன் என்ன கேட்டான் என்பதையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அந்த அம்மாவும் அதை அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

மேடம், "எத்தனாவது படிச்சேம்மா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி, "இன்டர்வியூ அப்படியே இருக்கட்டும். பேர் வேணாம். நான் சார்கிட்ட சொல்லிக்கிறேன். சோர்ஸ மட்டும் ஒழுங்கா தேடு" என்றார். என்னை நம்பாமல் போனதைப் பற்றி அப்போதும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிற்பாடும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா வாசலுக்கு வந்தார். மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் நான் தேடியதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டு அவிழ்க்காத அந்த ஆய்விதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு பக்கம் படிக்க ஒரு மத்தியானம் ஆனது. ஃபோனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக அர்த்தம் எழுதினேன். பல கட்டுரைகளைக் கஷ்டப்பட்டுப் படித்து முடித்த பிறகுதான் அவை எனக்குத் தேவையில்லை என்று தெரியும். பேஜாராக இருக்கும். கல்வித் துறை தமிழில் வெளியிட்டிருந்த கொள்கைக் குறிப்புகள் கிடைத்தன. பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் பஸ் நிற்காததைக் கண்டித்துப் பெற்றோர் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. பள்ளிக்குப் போகும் வழி பெண் பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்று நிஜமாகவே ஒருவர் எழுதியிருந்த கட்டுரையும் கடைசியில் கிடைத்தது. அதைப் படித்தபோது எங்கள் இரண்டு பேருடைய பழைய பட்டியல் ஞாபகம் வந்தது. உண்மையான கட்டுரை இருந்திருக்கிறது. தேடியிருந்தால் அவளுக்கு ஒரு மணி நேரத்தில் கிடைத்திருக்கும்.

என் புதிய பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

இரண்டாவது வைவாவுக்கும் அதே பேராசிரியர்தான் வந்தார். பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தமிழில் சொன்னேன். இன்னொன்றைக் கேட்டார். அதில் எனக்குப் புரியாத இடங்களும் உண்டு என்று சொல்லிவிட்டுப் புரிந்ததைச் சொன்னேன். சிரித்தார். "எனக்கும் சிலது புரியல" என்றார். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு இப்ப ஸ்கூலுக்குப் போகுதா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

அவர் மதிப்பெண் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

நான் தேறினேன். கூட எழுதியவளும் தேறினாள். அவள் புதுத் தலைப்பு எடுத்து எழுதியிருந்தாள், எதைப் பற்றி என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

கல்லூரிக்குக் கடைசியாகச் சான்றிதழ் வாங்கப் போன நாளில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவளே என்னிடம் வந்தாள். இளைத்திருந்தாள். "உங்கிட்ட பேசணும் டி" என்றாள். நின்றேன்.

"அவரு கேட்டப்போ எனக்கு ஒண்ணும் ஓடல. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், படிப்பை நிறுத்திட்டு மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சிடுவாரு. நீ எப்படியும் சமாளிச்சிடுவேன்னு தோணிச்சி. நீ தைரியசாலி இல்ல? வாயில வந்துடுச்சி டி. வேணும்னு சொல்லல."

"வாயில வந்தது சரி" என்றேன். "வெளிய வந்த பிறகு மேடம்கிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமே. ரூம் வாசல்லதான் நின்னுக்கினு இருந்த. நான் அழுதுக்கினு வந்ததைப் பாத்த. அடுத்த நாளு சொல்லியிருக்கலாம். அதுக்கப்புறமும் எவ்ளோ நாளு இருந்துச்சி."

அவளுக்குக் கண் கலங்கியது. முன்பானால் அவள் கண் கலங்கினாலே என் கை தன்னால் போய் அவள் கையைப் பிடித்திருக்கும்.

"அம்மா உன்னைக் கேட்டுக்கினே இருக்காங்க" என்றாள். "ஏன் வர்றதில்லன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"நீ வேலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

அங்கேயும் ஒரு பொய். அதில் கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. அவள் அம்மா இன்னும் என்னை நல்லவளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதில் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது. புதுச்சேரி பஸ் உள்ளே வந்து நின்றது. ஜல்தி ஏறுங்க என்று கண்டக்டர் கத்தினார். வர்றேன் என்று சொல்வதுதான் வழக்கம். அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். காலையில் தாமதமாக வரும் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் காரணம் கேளுங்கள் என்று கூட்டத்தில் ஒருமுறை சொன்னேன். ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள். என் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் நானே போய் அழைத்து வருகிறேன், இன்னும் யாரும் தடுக்கவில்லை. பெருமுக்கல் பக்கம் ஒருமுறை போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்றார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை.